குடுமிக் குஞ்சுகள்

கஜலக்சுமி வேலை செய்கிற முதியோர் இல்லம் சோலோதுர்ன் நகரத்திலிருந்து பஸ்ஸில் பதினைந்து நிமிடத் தூரத்தில் இருக்கிறது. அதன் கீழ்த்தளத்தில், உடுப்புத் தோய்க்கிற பகுதியில் அவளுக்குப் பதினெட்டு வருசம் போய்விட்டது. கிழவர் கிழவிகளின் சட்டைப்பைகளில் என்னென்னவோ வரும். பல்செற் வரும், காதுக்குள் வைக்கிற மெசின் வரும், பாதி தின்ற பிஸ்கற் வரும். ஒருமுறை ஒரு கலியாண மோதிரமே வந்தது. எல்லாவற்றையும் ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் போட்டு, எந்த அறை ஆளுடையது என்று சீட்டு எழுதி மேலே கொடுத்துவிடுவாள். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பொறுப்பாளர் முதல் நாளே சொல்லிவைப்பார்: "கையில் ஏதும் அகப்பட்டால் ஃப்ரவ் நித்தியிடம் கொடுங்கள். அது உரியவரிடம் போய்ச் சேரும்." கணவனின் பெயர் நித்தியானந்தன், அவ்வளவு நீளத்துக்கு அவர்களின் நாக்கு வளையாததால் அவள் ஃப்ரவ் நித்தி, அதாவது திருமதி நித்தி, ஆகிவிட்டாள்.

அந்த நல்ல பெயரை அவள் காப்பாற்றி வைத்திருந்ததற்கு ஒரு காரணமும் இருந்தது. சுவிஸுக்கு வந்த முதல் வருசம், பாசை ஒரு சொல்லும் தெரியாத காலம், ஒரு கடையில் வாசலில் மறித்து அவளுடைய பையைத் தலைகீழாகக் கொட்ட வைத்தார்கள். உள்ளே கிடந்தது கறிக்கு வாங்கிய ஒரு கோவாவும் அதற்குக் காசு கட்டிய துண்டும்தான். சுற்றி நின்ற சனம் கோவா உருண்டு போவதைப் பார்த்துக்கொண்டு நின்றது. அன்றைக்குப் பிறகு எந்தக் கடையிலும் யாரும் கேட்காமலே பையை அகல விரித்துக் காட்டுவாள். வாங்கிய துண்டை வீட்டு வாசல் வரை கையில் பிடித்தபடியே வருவாள். மகள் பவதாரணிக்கு அது பிடிக்காது. "ஏனம்மா இப்பிடிக் காட்டுறியள்? ஒருத்தரும் கேக்கேல்லையே" என்பாள். "நாங்கள் சுத்தமாத்தான் இருக்கிறம் எண்டு தெரியட்டும்" என்று கஜலக்சுமி சொல்லுவாள்.

அப்படிப்பட்டவள்தான் போன சித்திரையில் பக்கத்து வீட்டுக்காரரின் ஆறு முட்டைகளைக் களவெடுத்தாள்.

அவர்கள் இருந்தது ஒரு பழைய வீட்டின் கீழ்த்தட்டில். பின்னால் ஒரு துண்டு வளவு. கோழி வளர்க்க வீட்டுக்காரர் சம்மதித்திருந்தார். சேவல் மட்டும் கூடாது, விடியக் கூவினால் மேல்வீட்டுச் சனம் கடிதம் எழுதும் என்று சொல்லியிருந்தார். அதனால் கஜலக்சுமியிடம் மூன்று பேடுகள் மட்டும் இருந்தன. இரண்டு வெள்ளைக் கோழிகள், முட்டைக்கென்றே வளர்க்கிற இனம். மற்றது வேலைத்தலத்துச் சிநேகிதி கொடுத்த ஒரு கறுப்பி. சாதி என்னவென்று யாருக்கும் தெரியாது. முட்டை குறைவு, கோபம் கூட.

வேலிக்கு அந்தப் பக்கம் ஹெர் அஃபோல்டரின் வளவு. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர், வயது எழுபத்தொன்று, மனைவி இல்லை. அவரிடம் இருந்தவை அப்பென்செல் மலைப்பக்கத்துப் பழைய இனக் கோழிகள். வெள்ளை உடம்பில் மை தெறித்ததுபோலக் கறுப்புப் புள்ளிகள். தலையில் பூ இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு சின்னக் கொம்பும், அதற்குப் பின்னால் முன்பக்கம் சாய்ந்த ஒரு இறகுக் குடுமியும். அந்த இனம் அழிந்துபோகாமல் பார்க்கிற சங்கத்தில் அவர் உறுப்பினர். அந்த இனத்தில் இரண்டே இரண்டு பேடும் ஒரு சேவலும் வைத்திருந்தார். சேவலுக்கு வயது ஆறு. பெயர் கேபி. நித்தியானந்தனின் காதில் அது கோபி என்று விழுந்துவிட்டது. "எங்கடை பெடியன்தான்" என்று சொல்லி, வேலிக்கு மேலால், "என்ன கோபி, சுகமோ?" என்று கேட்பான். சேவலும் தலையைச் சரித்து அவனைப் பார்க்கும்.

மூன்று வருசமாக, அஃபோல்டர் எங்கடின் மலைப்பக்கத்துக்கு நடைப்பயணம் போகிற இரண்டு கிழமையும் அவருடைய கோழிகளுக்குத் தண்ணியும் தீனும் வைத்தது கஜலக்சுமிதான். அவர் திரும்பி வந்து ஒரு பெட்டி சொக்லேற் கொடுப்பார். அந்த நாட்களில் இட்ட முட்டைகளையும் எடுத்துக்கொள்ளச் சொல்லுவார். ஆனால் அது ஆடி மாதம். அடைக்கு வைக்கிற காலம் முடிந்த பிறகு கிடைக்கிற முட்டை, பொரித்துத் தின்பதற்கு.

போன பங்குனிக் கடைசியில் கறுப்பி அடை கிடக்கத் தொடங்கியது. முட்டை ஒன்றும் இல்லாத வெறுங்கூட்டில், வைக்கோலின்மேல் உடம்பைப் பரப்பிக்கொண்டு படுத்துவிட்டது. கையை நீட்டினால் உறுமியது. தூக்கி வெளியில் விட்டால் நாலு கொத்துக் கொத்திவிட்டு ஓடிப்போய் மறுபடி படுத்தது. நெஞ்சு இறகு உதிர்ந்தது. பூ வெளிறியது. கஜலக்சுமி ஒவ்வொரு நாளும் வேலையால் வந்து அதைப் பார்ப்பாள். இல்லாத குஞ்சுக்கு அது காத்துக் கிடக்கிற மாதிரி அவளுக்குப் பட்டது. பவதாரணி பேர்ணுக்குப் படிக்கப் போய் அது இரண்டாவது வருசம்.

ஒரு நாள் வேலியடியில் நின்று அஃபோல்டரிடம் கேட்டாள். அடைக்கு ஆறு முட்டை தருவீர்களா என்று.

அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "இந்த வசந்த காலத்து முட்டையெல்லாம் சங்கத்தில் பேசி முடிந்துவிட்டது, ஃப்ரவ் நித்தி. வரும் குஞ்சு ஒவ்வொன்றுக்கும் ஆள் இருக்கிறது. அடுத்த வருசம் தருகிறேன். உங்கள் பெயரை எழுதி வைக்கிறேன்."

"பரவாயில்லை, பரவாயில்லை" என்று அவள் சிரித்தாள். வீட்டுக்குள் வந்த பிறகுதான் முகம் சுட்டது. மூன்று வருசம் மழையென்று பாராமல் போய்த் தண்ணி வைத்தவளுக்கு ஆறு முட்டை இல்லை. சங்கத்தில் யாரோ முகம் தெரியாதவனுக்கு இருக்கிறது. கணவனிடம் சொல்லவில்லை. சொன்னால், "முட்டைதானே, கடையிலை வாங்குவம்" என்பான். கடை முட்டையை அடைக்கு வைத்தால் கூழாகும் என்பதுகூட அவனுக்குத் தெரியாது.

சித்திரைக் கடைசியில் அஃபோல்டருக்கு முழங்கால் சத்திரசிகிச்சை வந்தது. போவதற்கு முதல்நாள் அவளைக் கூப்பிட்டு நிலவறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே குளிர்ச்சியில் ஒரு தட்டில் பன்னிரண்டு வெள்ளை முட்டைகள். ஒவ்வொன்றிலும் பென்சிலால் திகதி. அவருடைய குடுமிக் கோழிகள் இலேசில் அடை கிடக்காத இனம். அதனால் இதற்கென்றே ஒரு கொழுத்த மண்ணிறப் பேடு வைத்திருந்தார். அது மரமுட்டைகளின்மேல் படுத்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது.

"ஞாயிற்றுக்கிழமை பொழுதுபடுகிற நேரம் மரமுட்டையை எடுத்துவிட்டு இவற்றை வையுங்கள். இன்னொருவர் என்றால் இதைச் சொல்லியிருக்க மாட்டேன்" என்றார். சாவியை அவள் கையில் வைத்தார்.

ஞாயிறு மாலை அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு நிலவறையிலிருந்து மேலே வந்தாள். படியில் ஏறும்போது ஒன்றும் நினைக்கவில்லை என்றுதான் பிறகு தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். ஆனால் அது பொய். முதல் நாளே தன் வெள்ளைக் கோழிகளின் முட்டைகளில் சின்னதாய்ப் பார்த்து ஆறைத் தெரிந்து வைத்திருந்தாள். சமையலறை மேசையில் இருந்து ஒரு பழைய கடித உறையின் பின்பக்கத்தில் அவருடைய எழுத்தைப் பழகியும் பார்த்திருந்தாள். இங்கத்தைய ஆட்கள் ஒன்று என்ற இலக்கம் போட்டால் அதற்குக் கூரை மாதிரி ஒரு சாய்வு இருக்கும்; ஏழுக்குக் குறுக்கே ஒரு கோடு இருக்கும். பதினேழு, பத்தொன்பது, இருபத்தொன்று என்று ஆறு திகதிகள். பென்சிலை மெல்ல அழுத்த வேண்டும், அவர் கை இலேசாக நடுங்குகிற கை. அந்த நடுக்கத்தையும் அவள் போட்டாள்.

மண்ணிறப் பேட்டுக்கு அடியில் ஆறு அவருடையதும் ஆறு தன்னுடையதுமாகப் பன்னிரண்டு வைத்தாள். மற்ற ஆறையும் மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டு வேலியைச் சுற்றி வந்து கறுப்பிக்கு அடியில் தள்ளினாள். கறுப்பி அலகால் ஒவ்வொன்றாக உருட்டி நெஞ்சுக்குக் கீழே எடுத்தது. ஒரு மாதத்தில் முதல் தடவையாக அது உறுமவில்லை. அந்த நேரம் கஜலக்சுமிக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது.

பத்து நாள் இரண்டு வளவையும் அவள் நன்றாகப் பார்த்தாள். வேலைக்குப் போக முதல் இரண்டு அடைக்கோழிகளையும் இறக்கித் தீன் தின்ன விடுவாள். முட்டை ஆறிப்போக முதல் திரும்ப ஏறுகிறதா என்று நின்று பார்ப்பாள். அஃபோல்டரின் கூட்டைக் கழுவி வைக்கோல் மாற்றினாள். அவர் சொல்லாத வேலையெல்லாம் செய்தாள். தான் ஏன் அப்படிச் செய்கிறேன் என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

புதன்கிழமை அவர் இரண்டு ஊன்றுகோலில் வந்து இறங்கினார். கூட்டைப் பார்த்துவிட்டு அவளுக்கு மூன்று தடவை நன்றி சொன்னார். பிறகு, "வெளிச்சம் பிடித்துப் பார்ப்போம். எனக்குக் குனிய முடியாது. முட்டையை எடுத்துத் தாருங்கள்" என்றார்.

கொட்டிலுக்குள் கதவைச் சாத்தி இருட்டாக்கிக்கொண்டு அவர் ஒரு பெட்டியில் உட்கார்ந்தார். அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். அவர் ரோச் லைற்றின் வாயில் முட்டையை வைத்துப் பிடித்தார். முதல் முட்டைக்குள் சிவப்பு நரம்புகள் சிலந்தி வலைபோல ஓடின. நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு துடித்தது. "பாருங்கள், பாருங்கள்" என்று அவளுக்குக் காட்டினார். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது கண்ணாடிபோல வெறுமையாக வெளிச்சம் விட்டது.

"இது வெறுமை."

நாலாவதும் வெறுமை. ஏழாவது, எட்டாவது வெறுமை. ஒவ்வொரு தடவையும் அவர் அந்த ஒரு சொல்லைத்தான் சொன்னார், ஒவ்வொரு தடவையும் குரல் இறங்கியது. கடைசியில் ஆறு வெறும் முட்டைகளும் ஒரு பக்கமாகக் கிடந்தன. அவர் அவற்றின் திகதிகளைக் கொப்பியில் எழுதினார். அவள் எழுதிய திகதிகளை. ஒன்றை ஒரு சின்னத் தட்டில் உடைத்து ஊற்றி மூக்குக் கண்ணாடியைத் தூக்கி வைத்துப் பார்த்தார்.

"கரு ஏறவே இல்லை. பாதிக்குப் பாதி." கொப்பியை மூடினார். "கேபிக்கு வயதாகிவிட்டது. போன வருசமே மாற்றச் சொன்னார்கள். எனக்குத்தான் மனம் வரவில்லை."

அந்த இருட்டுக்குள் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். முகம் தெரியாது. ஆனால் அவர் எழும்புவதற்குக் கை கேட்டார். அவள் கை கொடுத்தாள். கதவு திறந்தது. வெளிச்சம் வந்தது. நேரம் போய்விட்டது.

"சேவலை என்ன செய்யப் போறீங்கள்?" என்று மட்டும் கேட்டாள்.

"சனிக்கிழமை சங்கத்து நண்பன் ஒருவன் வருவான். அவனுக்கு வெட்டத் தெரியும். வலிக்காமல் செய்வான்."

புதனிலிருந்து சனி வரை அவளுக்கு நேரம் இருந்தது. வியாழக்கிழமை வேலையால் வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவருடைய வாசலுக்குப் போனாள். மணியை அமர்த்தப் போன விரல் அப்படியே நின்றது. உள்ளே ரெலிபோனில் அவர் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார், தன் அயலவளின் பெயரைச் சொல்லி, எவ்வளவு நல்லாகப் பார்த்தாள் என்று. அவள் திரும்பி வந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை வேலைத்தலத்தில் மேலதிக நேரம் வேலை இருக்கிறதா என்று தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டாள். சனிக்கிழமை காலை கூவல் கேட்டது. மத்தியானம் கேட்கவில்லை.

மூன்று மணியளவில் அஃபோல்டர் ஊன்றுகோலோடு வாசலில் நின்றார். கையில் ஒரு பிளாஸ்ரிக் பை. "கிழட்டு இறைச்சி, மூன்று மணித்தியாலமாவது அவிய வேணும்" என்றார். "இதற்கு ஏற்ற மசாலா உங்களிடம்தான் இருக்கிறது. எனக்குத் தின்ன மனம் இல்லை. வீசவும் மனம் இல்லை. உங்களிடம் போனால் வீணாகாது."

நித்தியானந்தன் பின்னால் வந்து பையை வாங்கிக்கொண்டான். நன்றி சொன்னான். யாழ்ப்பாணத்துக் கறித்தூளை அள்ளிப் போட்டுத் தானே சமைக்கவும் தொடங்கினான். வீடெல்லாம் மணம். "இஞ்சேரும், கோபி நல்லாத்தான் அவிஞ்சிருக்கிறான். வாரும், சாப்பிடுவம்" என்று கூப்பிட்டான்.

"எனக்குப் பசிக்கேல்லை."

"ஒரு துண்டு."

"வேண்டாமெண்டு சொன்னனான்தானே!"

அவள் போட்ட சத்தத்தில் அவன் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். சேவல்மேல் அவ்வளவு பாசமாக்கும் என்று நினைத்துக்கொண்டு, பிறகு அதைப்பற்றிக் கதைக்கவில்லை.

இருபத்தோராம் நாள் குஞ்சுகள் வந்தன. வேலிக்கு அந்தப் பக்கம் மண்ணிறப் பேட்டுக்கு ஆறும் பொரித்தன. இந்தப் பக்கம் கறுப்பிக்கு ஐந்து. ஒன்று ஓட்டைக் குத்தத் தொடங்கி, அரைவாசியில் களைத்துச் செத்துப்போயிருந்தது. அடுத்த நாள் ஈரம் காய்ந்து எழும்பி நின்றபோது கஜலக்சுமி பார்த்தாள். ஐந்தின் தலையிலும் ஒரு சின்னப் பஞ்சுக் கட்டி. விரலால் அமர்த்திப் பார்த்தாள். விட்டதும் நிமிர்ந்தது. இதை அவள் யோசிக்கவே இல்லை. வளர்ந்த பிறகுதான் குடுமி வருமென்று நினைத்திருந்தாள்.

வேலியோரமாக இருந்த கூட்டை இழுத்து வீட்டுச் சுவரோடு வைத்தாள். முன்னால் பழைய படங்குச் சீலை ஒன்றைக் கட்டினாள். கணவனிடம், குஞ்சுக்குக் குளிர் படக்கூடாது என்றாள். அஃபோல்டர் வேலியடிக்கு வருகிற நேரம் பார்த்து உள்ளே போனாள். அவர் ஒருநாள் கூப்பிட்டு, "உங்கள் கறுப்பி இன்னும் வெறுங்கூட்டிலா கிடக்கிறது?" என்று கேட்டார். "ஓம், பாவம்" என்றாள். பின்னால் படங்குக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. அவள் உரத்து இருமினாள். அந்த இருமலை நினைக்க இப்பவும் அவளுக்குக் காதெல்லாம் சூடேறும்.

அடுத்த சனிக்கிழமை பவதாரணி பேர்ணிலிருந்து வந்தாள். படங்கைத் தூக்கிப் பார்த்தவள் கத்தியேவிட்டாள்.

"ஐயோ அம்மா, என்ன வடிவு! தலையைப் பாருங்கோ! இது அஃபோல்டற்றை இனமல்லோ?"

"ஓம்."

"அவர் தந்தவரோ?"

கஜலக்சுமி வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "ஓம். தந்தவர்."

"அவர் ஒருத்தருக்கும் குடுக்கமாட்டார் எண்டெல்லோ சொல்லுவியள்?"

"இந்த முறை தந்தவர்."

வாழ்க்கையில் மகளிடம் அவள் சொன்ன முதல் பொய் அதுதான் என்றில்லை. ஆனால் தன்னைக் காப்பாற்ற மட்டும் சொன்ன முதல் பொய் அது.

ஞாயிறு பின்னேரம் பவதாரணி பஸ்ஸுக்குப் போனாள். ஒரு மணித்தியாலத்தில் ரெலிபோனில் அவளுடைய செய்தி வந்தது. "பஸ் தரிப்பிலை அஃபோல்டரைக் கண்டனான். உங்களுக்கு முட்டை தந்ததுக்கு நன்றி சொன்னனான். முதல்லை ஒண்டும் சொல்லாமல் நிண்டவர். பிறகு, சந்தோசம் எண்டவர். எத்தினை பொரிச்சது எண்டு கேட்டவர். ஐஞ்சு எண்டன். நல்ல மனுசன் அம்மா. பஸ் வரும் வரைக்கும் என்ரை பையைக்கூட வாங்கிக் கதிரையிலை வைச்சவர்."

கஜலக்சுமி சமையலறைக் கதிரையில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். அவர் மறுத்திருக்கலாம். நான் ஒன்றும் கொடுக்கவில்லையே என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், பிள்ளை அந்தத் தரிப்பிலேயே குறுகிப்போயிருப்பாள். அவர் சொல்லவில்லை. கடை வாசலில் கோவா உருண்டபோது வந்தது கோபம்; தன்னில் பிழையில்லை என்ற கோபம். இப்போது கோபப்பட அவளுக்கு யாரும் இல்லை.

மறுநாள் உடம்புக்கு வருத்தமென்று வேலைக்கு அறிவித்துவிட்டு, பத்து மணிக்கு அவர் வாசல் மணியை அமர்த்தினாள். சொல்லவேண்டிய வசனங்களை ஜேர்மன் மொழியில் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். அந்த மொழியில் எடுத்தேன் என்பதற்கு ஒரு சொல், களவெடுத்தேன் என்பதற்கு இன்னொரு சொல். அவர் கதவைத் திறந்ததும் வாயில் வந்தது முதலாவது சொல்தான்.

"நான் உங்கள் முட்டை ஆறை எடுத்தேன்." நிறுத்தினாள். பிறகு, "களவெடுத்தேன்" என்றாள்.

"தெரியும்" என்றார் அஃபோல்டர். "வாருங்கள்."

உள்ளே அவர் நோகிற காலை ஒரு முக்காலியில் நீட்டிக்கொண்டு இருந்தார். அவளுக்கு ஒரு கதிரையைக் காட்டினார். அவள் இருக்கவில்லை.

"ஐந்தா பொரித்தது?"

"ஓம். ஆறாவது ஓட்டுக்குள்ளேயே செத்துப்போச்சு."

"அப்படியென்றால் அதற்கும் கரு இருந்தது." அவர் விரலில் கணக்குப் பார்த்தார். "பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. ஆறு வயதுச் சேவல்." அவளைப் பார்க்கவில்லை, யன்னலுக்கு வெளியே பார்த்தார். "கேபிக்கு ஒரு குறையும் இருக்கவில்லை."

அவள் தலை குனிந்து நின்றாள்.

"பிடிக்கப் போனபோது அவன் ஓடவும் இல்லை. என்னிடம் பழகினவன். தானாக வந்து பெட்டிக்குள் நின்றான்."

"நான் சொல்ல வந்தனான். வியாழக்கிழமை. வாசல் வரைக்கும் வந்தனான்."

"வாசல் வரைக்கும்" என்று அவர் திருப்பிச் சொன்னார். ஏளனமாக இல்லை. அந்தத் தூரத்தை அளந்து பார்க்கிற மாதிரி. பிறகு கேட்டார்: "திகதியை எழுதியதும் நீங்களா?"

"ஓம்."

"என் எழுத்தென்றே நினைத்தேன். கொப்பியில் வைத்து ஒப்பிட்டும் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை."

அவர் திட்டியிருந்தால் அவள் அழுதிருப்பாள். அழுதால் மனப்பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும். அவர் திட்டவில்லை.

"நான் என்ன செய்யவேணும்?" என்று கேட்டாள்.

"ஆறு கிழமை தாயோடு இருக்கட்டும். இப்போது பிரித்தால் ஏங்கும். பிறகு கொண்டுவந்து தாருங்கள். சங்கத்தில் காத்திருக்கிற ஆட்கள் இருக்கிறார்கள்." கடைசியாக, "உங்கள் மகளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை" என்றார்.

"அது தெரியும். அதுக்குத்தான்..." அதற்கு மேல் அவளுக்கு ஜேர்மன் மொழியும் வரவில்லை, தமிழும் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் படங்கை அவிழ்த்து மடித்து வைத்தாள்.

அன்று பின்னேரம் நித்தியானந்தனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டு முடித்துவிட்டு, "ஆறு முட்டைக்கோ இந்தப் பாடு படுறீர்? நான் ஏதோ பெரிசெண்டு பயந்திட்டன்" என்றான். அவளைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னான். ஆனால் கொஞ்ச நேரத்தில் அவனே எழும்பிப் போய் யன்னலடியில் நின்றான். "அப்ப நான் சாப்பிட்டது..." என்று தொடங்கி முடிக்காமல் விட்டான். அதன்பிறகு அவன் வேலிக்கு மேலால் யாரையும் சுகம் விசாரிக்கவில்லை.

பவதாரணிக்குச் சொல்வதுதான் கடினமாக இருந்தது. ரெலிபோனில் சொல்ல மனமில்லாமல் அவள் அடுத்த முறை வரும் வரை வைத்திருந்தாள். மேசையில் எதிரும் புதிருமாக இருந்து சொன்னாள். மகள் இடைமறிக்காமல் கேட்டாள். முடிவில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப நான் நன்றி சொல்லேக்கை அவருக்கு எப்பிடி இருந்திருக்கும்?"

கஜலக்சுமி மேசைச் சீலையின் மடிப்பை நீவினாள்.

"நான் சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னனான் அம்மா."

அன்று பவதாரணி வழமையைவிட ஒரு பஸ் முந்தியே போனாள். தாய் கட்டிக் கொடுத்த சோற்றுப் பெட்டியைக் கொண்டு போனாள்தான். ஆனால் வாசலில் கட்டிப்பிடித்தபோது அவளுடைய கை முன்பு போல இறுக்கவில்லை.

அந்த ஆறு கிழமையும் கஜலக்சுமி குஞ்சுகளை வளர்த்ததுபோல யாரும் வளர்த்திருக்க மாட்டார்கள். தண்ணித் தட்டில் விழுந்து சாகாமல் கூழாங்கல் பரப்பினாள். முட்டையை அவித்து உதிர்த்துத் தீனோடு கலந்து கொடுத்தாள். காகம் இறங்காமல் மேலே வலை கட்டினாள். கறுப்பி மண்ணைச் சீய்த்து, புழு கண்டால் கொக்கொக்கென்று கூப்பிடும். ஐந்தும் ஓடிவரும். மழை தூறினால் ஐந்தும் அதன் செட்டைக்குள் நுழையும். வெளியே குடுமிகள் மட்டும் தெரியும். வடிவான காட்சி. அதை அவள் சந்தோசமாகப் பார்க்க முயன்றாள். முடியவில்லை. ஒவ்வொரு நாளும் குடுமி கொஞ்சம் உயர்ந்தது. புள்ளிகள் தெளிந்தன. நாலு பேடு, ஒரு சேவல் என்று பிரித்தறிய வந்தது. சேவல் குஞ்சு தலையைச் சரித்துப் பார்க்கப் பழகிய பிறகு அவள் தீனை வைத்துவிட்டு உடனே உள்ளே வந்துவிடுவாள்.

அஃபோல்டர் ஒருநாளும் வேலியடிக்கு வந்து எட்டிப் பார்க்கவில்லை.

ஆடி மாதத்து முதல் சனிக்கிழமை, காற்றுத் துளை போட்ட இரண்டு பெட்டிகளில் ஐந்தையும் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் ஊன்றுகோல் இல்லாமல் நடந்தார். ஒவ்வொன்றாக எடுத்துக் காலைப் பார்த்து, நெஞ்செலும்பைத் தடவி, செட்டையை விரித்துப் பார்த்தார்.

"நல்ல நிறை. நன்றாக வளர்த்திருக்கிறீர்கள்."

முன்பு அவர் பாராட்டினால் அவள் நாள் முழுக்க அதை நினைத்து நினைத்து மகிழுவாள். இப்போது, "உங்கள் கோழிகள்தானே" என்றாள். நிலவறைச் சாவி சித்திரையிலிருந்து அவளுடைய கைப்பையிலேயே கிடந்தது. அதை எடுத்து மேசையில் வைத்தாள். திரும்பவும் தருவாரோ என்று ஒரு கணம் நின்றாள். அவர் அதை எடுத்து ஆணியில் கொழுவினார்.

கறுப்பி மூன்று நாள் வளவு முழுக்கத் தேடித் திரிந்தது. நாலாம் நாள் மறந்துவிட்டது.

ஆவணியில் ஒருநாள் கஜலக்சுமி கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள். அஃபோல்டர் வேலிக்கு வந்து வணக்கம் சொன்னார். எப்போதும் போல மரியாதையான குரல்தான்.

"ஃப்ரவ் நித்தி, திங்கட்கிழமை நான் எங்கடினுக்குப் போகிறேன், முழங்காலால் இந்த வருசம் பிந்திவிட்டது. இரண்டு கிழமை. தண்ணி வைக்க என் சகோதரியின் மகன் ஓல்ட்டனிலிருந்து வருவான், நாளுக்கு இரண்டு தடவை. வளவுக்குள் தெரியாத ஆளைக் கண்டு நீங்கள் பயப்படக் கூடாது என்று சொல்ல வந்தேன்."

ஓல்ட்டனிலிருந்து ரயிலில் வந்து பஸ் மாறி வரவேண்டும், நாளுக்கு இரண்டு தடவை. அவளுடைய வாசலிலிருந்து அந்தக் கூட்டுக்கு நாற்பது அடி.

"சரி, ஹெர் அஃபோல்டர். நல்லபடியாப் போட்டு வாங்கோ" என்றாள். கடைசி வார்த்தைகள் அவளையறியாமல் தமிழில் வந்துவிட்டன. அவருக்கு விளங்கியிருக்காது. இருந்தாலும் தலையசைத்துவிட்டுப் போனார். அவள் ஈரச் சீலையை உதறிக் கொடியில் போட்டு, அதன் மறைவில் கொஞ்சநேரம் நின்றாள். பிறகு கூடைக்குள் குனிந்து அடுத்ததை எடுத்தாள்.